யாரைக் கேட்டு என் தட்டை நிறுத்தினாய்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் கேட்டுவிட்டேன். இங்கே நானும் சுகம்தான், அதில் உன் பங்கு ஒன்றும் இல்லை. இத்தனை நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் நான் எடுக்காததற்குப் போன் கெட்டுப்போனது காரணம் இல்லை, எடுக்க வேண்டாம் என்றுதான் எடுக்கவில்லை. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்வாய், அப்புறம் லைன் சரியில்லை என்பாய், அதற்கும் மேலே போனால் ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்பாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி, அவளுக்கும் தெரியட்டும்.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஒழுகிக்கொண்டிருந்ததே, அதை ஆள் வைத்து அடைத்தாயிற்று. உன் மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கைத்தடியால் நடக்கிறாரோ இல்லையோ அதைக் காட்டிக் காட்டி வீட்டையே அதிகாரம் பண்ணுகிறார். உன் அத்தை மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே அவள் மாமியார் மூக்கு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று குடும்பத்தில் உத்தரவு. நல்ல செய்தி இவ்வளவுதான். இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா போன பிறகு நான் அடுப்பை மூடியது துக்கத்தால் என்று நீயாகவே முடிவு செய்துகொண்டு எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாய். துக்கம் இல்லாமல் இல்லை, ஆனால் அடுப்பை மூடியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்குச் சமையல் பிடிக்காது. என்றைக்குமே பிடித்ததில்லை. நன்றாகச் செய்தேன், அது வேறு விஷயம். தையல் கம்பெனியில் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்துப் பாஸ் போடுகிற வேலையையும்தான் நன்றாகச் செய்தேன், ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் உட்கார்ந்து காலர் பாரு என்று யாரும் என்னைச் சொல்லவில்லையே. ஒருநாள் மத்தியானம் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன், வைத்துவிட்டு அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அப்புறம் கேஸைத் திருகி மூடினேன், புடவையை மாற்றிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் சந்தோஷமாக இருந்தாள் என்றால் கேட்கிறவர்களுக்குக் காது கூசும். உனக்குச் சொல்கிறேன், கூசினால் கூசட்டும்.

இந்த ஊர் எவ்வளவு பெரியது என்று எனக்கே அதன் பிறகுதான் தெரிந்தது. இத்தனை காலம் இங்கேயே குடியிருந்தும் எனக்குத் தெரிந்த ஊர் வீடு, கம்பெனி, காய்கறிக் கடை, உன் பள்ளிக்கூடம், அப்பாவின் ஆஸ்பத்திரி, இவ்வளவுதான். ட்ரங்க்காலைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். உனக்கு அவளை ஞாபகம் இருக்கும், கம்பெனியில் என் பக்கத்து மேஜையில் பட்டன் வைத்தவள், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அந்தச் சத்தம் தொண்டையிலேயே தங்கிவிட்டது, ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும், அந்தக் காலத்தில் வெளியூர்ப் போனில் கத்துவார்களே, அதனால்தான் அந்தப் பெயர். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறி ஏறிச் சாப்பிட்டோம். பஸ் டிப்போவுக்குப் பின்னால் டிரைவர்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிற ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, வறுத்த மீன் அங்கேதான், வேறு எங்கேயும் மீன் என்று சொல்லி எதையும் வாயில் வைக்காதே. கோர்ட்டுக்குப் பின்பக்கம் வக்கீல்கள் சாப்பிடும் கேன்டீனில் சூப் அபாரம், ஆனால் வாய்தா கொடுத்துக் கொடுத்துத்தான் கொண்டுவருவார்கள். பெண்கள் ஹாஸ்டலுக்கு எதிரில் ஒரு பேக்கரி, சாயங்காலம் ரொட்டி அடுப்பிலிருந்து இறங்குகிற நேரத்துக்குப் போனால் வெண்ணெய்கூட வேண்டாம். நீயும் மருமகளும் போன தடவை வந்தபோது கூட்டிக்கொண்டு போனீர்களே, கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய ஓட்டல், அங்கேயும் ஒருநாள் போனோம். மெனுவைக் கல்யாண ஆல்பம் மாதிரி தடியாகக் கொண்டுவந்து வைத்தார்கள், ட்ரங்க்கால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, பொண்ணு மாப்பிள்ளையை எங்க காணோம்" என்று கேட்டாள், அந்த ஓட்டலே திரும்பிப் பார்த்தது. சாப்பாடு சகிக்கவில்லை. இந்த ஊரில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான், முதலில் கை கழுவுகிற இடத்தைப் போய்ப் பார், அப்புறம் அந்தக் கடையில் வேலை செய்கிறவர்கள் அங்கேயே சாப்பிடுகிறார்களா என்று பார், இரண்டாவது தடவை காய் கேட்கும்போது பரிமாறுகிறவர் முகம் மாறுகிறதா என்று பார். சட்டையையே உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நான் விட்டதில்லை, வயிற்றுக்குப் போகிறதை விடுவேனா.

இப்படித் தேடித் தேடித்தான் காகித மண்டித் தெருவில் அந்த மாடி ஹோட்டலைக் கண்டுபிடித்தேன். படிக்கட்டு கொஞ்சம் செங்குத்து, மேலே போய்விட்டால் நீளமான ஹால், பச்சைப் பெயின்ட் அடித்த சுவர், ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. அங்கே உட்கார்ந்தால் கீழே தெருவில் வண்டி வண்டியாகக் காகிதக் கட்டு இறங்குவது தெரியும். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருப்பார், பரிமாறுகிறவரை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள், மின்விசிறிக்குக் கீழே வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். முதல்நாளே அவரிடம் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப சோறு பாதி, காய் டபுள், சரிதானம்மா" என்றார், அதிலிருந்து நான் வாய் திறக்காமலே அப்படித்தான் வரும். சோறு ஆவி பறக்க வரும். முதல்நாள் நான் வாயைச் சுட்டுக்கொண்டேன், சிரிக்காதே. உங்கள் எல்லோருக்கும் சூடாகப் போட்டுவிட்டு நான் தட்டோடு உட்காரும்போது எல்லாம் ஆறிப்போயிருக்கும், சூட்டுக்கு என் நாக்கு பழகவே இல்லை. இந்த வயதில் ஊதி ஊதிச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். ஜன்னல் மேஜை என் மேஜை ஆகிவிட்டது, வேறு யாராவது அதில் உட்காரப் போனால் நெட்டை, "அங்க ஆள் வருது சார்" என்பார். போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டாக்டரம்மா என்ன சொன்னாள் தெரியுமா, சர்க்கரை இந்த அளவுக்குக் கட்டுக்குள் இருந்து நான் பார்த்ததே இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் போலிருக்கிறது என்றாள். இதை நான் உனக்குச் சொன்னேன். நீ ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய், எதையோ டைப் அடிக்கிற சத்தமும் கேட்டது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு இன்சூரன்ஸ்காரர், நாங்கள் ரிப்போர்ட்டர் என்று சொல்வோமே, அவர்தான் உனக்குத் தகவல் கொடுத்தது என்று எனக்குத் தெரியும், மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன், நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று தலையைச் சொறிந்தார். உங்கள் அம்மா தினமும் ஹோட்டல் ஹோட்டலாகச் சுற்றுகிறார், போன வாரம் என்னை நேருக்கு நேர் பார்த்தும் யாரென்றே தெரியாத மாதிரி போனார் என்று சொன்னாராம். யாரென்று நன்றாகத் தெரிந்ததால்தான் தெரியாத மாதிரி போனேன், அந்த ஆள் வாயில் அகப்பட்டால் ஆறிப்போன சோறுதான் சாப்பிட வேண்டும். அதைக் கேட்டுவிட்டு நீ முதலில் போனில் சண்டை போட்டாய், அது சரி, பிள்ளை அம்மாவிடம் சண்டை போடலாம். அப்புறம் சமையலுக்கு ஒரு அம்மாவை அனுப்பினாய். பாவம், அவளும் வந்தாள், இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு பேசினோம், "எனக்கும் சமைக்கவே பிடிக்காதுங்க, வேற வேலை தெரியாததால செய்யறேன்" என்றாள், ட்ரங்க்கால் மூலமாக இப்போது கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்துவிட்டாள். எனக்கு ஆள் வேண்டாம், நான் வெளியே சாப்பிடப் பிடித்துத்தான் சாப்பிடுகிறேன் என்று உன்னிடம் தெளிவாகச் சொன்னேன். நீயும் சரிம்மா என்றாய். அந்தச் சரிம்மாவை நான் நம்பினேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், நீ போனில் பேசி முடித்துவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போன பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அன்றைக்கு ட்ரங்க்கால் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், நான் தனியாகத்தான் போனேன். ஜன்னல் மேஜையில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்கிற மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். நெட்டை தட்டு இல்லாமல் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலேயே முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார், ஹால் நிறைய ஆட்கள், அவருக்குக் குரலைத் தணித்துப் பேசவும் தெரியாது. "அம்மா, உங்க மகன் வெளியூர்ல இருந்து போன் பண்ணினார். உங்களுக்குச் சர்க்கரையாம், ஞாபகமும் இப்ப சரியில்லையாம், சாப்பிட்டதையே மறந்துட்டுத் திரும்பத் திரும்பச் சாப்பிடுவீங்களாம். எது கேட்டாலும் குடுக்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்புன்னு சொல்லிட்டார். நான் கடை நடத்தறவன், எனக்கு எதுக்கும்மா வம்பு" என்றார். நான் அவரிடம், "நேத்து என்ன காய், முந்தாநாள் என்ன காய், கேளுங்க, வரிசையாச் சொல்றேன்" என்றேன். அவர் குழந்தையிடம் பேசுகிற மாதிரி சிரித்துக்கொண்டு, "சரிம்மா, சரிம்மா, வீட்டுக்குப் போங்க, வழி தெரியுமில்ல" என்றார். பக்கத்து மேஜையில் ஒரு பெண் உச்சுக்கொட்டினாள். தம்பி, நான் வேலை பார்த்த இடத்தில் சூப்பர்வைசர் காட்டுக்கத்தல் கத்தியிருக்கிறான், உன் பாட்டனார் தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார், அப்போதெல்லாம் நான் இருந்த இடத்தை விட்டு அசைந்ததில்லை. அந்த உச்சுக்கொட்டலுக்கு எழுந்து படியிறங்கிவிட்டேன்.

மாத்திரை போட்டாயிற்று, சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அது எனக்குத் தெரியும். நேராகக் கோர்ட் கேன்டீனுக்குப் போனேன். நீ அங்கேயும் பேசியிருந்தாய். உன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ள வேண்டும், ரிப்போர்ட்டர் சொன்ன இடம் ஒன்றுவிடாமல் நம்பர் தேடிப் பிடித்திருக்கிறாய், உன் பள்ளிக்கூடப் பாடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் நீ டாக்டராகவே ஆகியிருக்கலாம். அங்கே சாப்பாடு இல்லை என்று சொல்லவில்லை, உட்காருங்கள் அம்மா, வீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொல்கிறோம் என்றார்கள், ஒருத்தர் வந்து கதவை மறித்துக்கொண்டு நின்றார். தொலைந்துபோன குழந்தையைப் பிடித்து வைப்பார்களே, அப்படி. எனக்கு வந்த கோபத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு எங்கேயும் போய்க் கேட்கப் பிடிக்கவில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் உன் குரல் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் என்று தோன்றியது. தெரியாத ஒரு டீக்கடையில் ஒரு பன் வாங்கித் தின்றிருக்கலாம், இப்போது யோசித்தால் தெரிகிறது, அப்போது தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் வெயிலில் வந்த வழியே நடந்தேன். காகித மண்டித் தெரு திரும்புகிற இடத்தில் கால் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, உடம்பெல்லாம் வியர்வை, கண்ணுக்கு முன்னால் தெரு ஆடியது. ஒரு கிடங்கு வாசற்படியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேனா விழுந்தேனா தெரியாது. போகிற வருகிறவர்களிடம் ஏதோ சொல்லப் பார்த்தேன், நாக்கு குழறியது, ஒருத்தன் பக்கத்தில்கூட வராமல் ஒதுங்கிப் போனான். நினைத்துப் பார், ஞாபகம் சரியில்லாதவள் என்று நீ ஊரெல்லாம் சொன்ன அதே நாளில் நான் தெருவில் உட்கார்ந்து உளறிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிடங்கில் காகிதக் கட்டு இறக்குகிற பெண்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள், "சர்க்கரையா அக்கா, எங்கப்பனுக்கும் இப்படித்தான் வரும்" என்றாள், யாரையோ டீக்கடைக்கு விரட்டிச் சர்க்கரை வாங்கிவரச் சொல்லி என் வாயைத் திறந்து கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் தெரு ஆடுவது நின்றது. பிறகு தன் டப்பாவைத் திறந்து, "எச்சில் இல்ல, இந்தப் பக்கம் இன்னும் தொடவே இல்ல, சாப்பிடு" என்று பிசைந்து கையிலேயே கொடுத்தாள். சாப்பிட்டேன். உப்பு அதிகம். அதைச் சொன்னேன், வாய் சும்மா இருக்கவில்லை. "போற உசுரு திரும்பி வந்து உக்காந்துக்கிட்டு உப்புப் பாக்குது பாருடி" என்று மற்றவர்களிடம் சொல்லி அப்படிச் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு அழுகையும் வந்தது. அழுததைத் துடைத்துக்கொள்வதற்குள் நெட்டை ஓடிவந்தார், கையில் ஒரு பொட்டலம். நான் மாத்திரை போட்டதை அவர் பார்த்திருக்கிறார். நான் படியிறங்கியதுமே முதலாளியிடம், மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார், அவர் உனக்கென்ன, பந்தியைப் பார் என்றாராம். வாக்குவாதம் முற்றி, நெட்டை தோளில் கிடந்த துண்டை எறிந்துவிட்டுச் சோறு கட்டிக்கொண்டு என்னைத் தேடிக் கிளம்பியிருக்கிறார், போனால் போனதுதான், திரும்பி வராதே என்று முதலாளி சொல்லிவிட்டாராம். தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "எங்கம்மா போனீங்க" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார். ஒரு போனில் நீ என் சோற்றை மட்டும் நிறுத்தவில்லை, இன்னொருத்தர் வேலையையும் சேர்த்துத்தான் நிறுத்தினாய்.

மறுநாள் ட்ரங்க்கால் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கிளம்புடி என்றாள். மத்தியானப் பந்தி நேரத்துக்குச் சரியாகப் போய் ஏறினோம். முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தார், அந்த ஹாலை நெட்டை தனியாகத்தான் சமாளித்துக்கொண்டிருந்தார் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும், பாதிப் பேர் காயைக் காணோம் என்று கூச்சல். நான் நடு ஹாலில் நின்று அவரிடம் மெதுவாகத்தான் கேட்டேன். "என் மகன் குரலை நீங்க ஒரே ஒரு தடவை கேட்டீங்க. என் முகத்தைத் தினமும் பாக்கறீங்க. எதை நம்பணும்னு யோசிக்கவே இல்லையா" என்றேன். "பெத்த பிள்ளை சொல்றப்ப நம்பாம எப்படிம்மா" என்றார். "நாளைக்கு உங்க பிள்ளை எங்களுக்குப் போன் பண்ணி, எங்கப்பாவுக்கு மூளை சரியில்ல, அவர் குடுக்கற சோத்தைத் தின்னாதீங்கன்னு சொன்னா நாங்க இறங்கிப் போயிடலாமா" என்று ட்ரங்க்கால் கேட்டாள். அவள் கேட்டால் கேட்டது கீழே தெருவுக்கும் சேர்த்துத்தான். ஹாலில் ஒரே சிரிப்பு. முதலாளி முகம் சுருங்கிவிட்டது, கெட்ட மனுஷர் இல்லை, பயந்தவர். நான் விடவில்லை, மாத்திரை போட்டவளைப் பட்டினியாக அனுப்பியதில் நான் எங்கே போய் விழுந்தேன், யார் தூக்கினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன், அவர் கேட்கக் கேட்கக் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார். நெட்டையைக் கூப்பிடச் சொன்னேன், வேலை போயும் பழக்கம் விடாமல் கீழே வாசலில்தான் வந்து நின்றிருந்தார். வந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் மேஜையிலிருந்து காய் பரிமாற ஆரம்பித்தார். முதலாளி என்னிடம், உட்காருங்கம்மா என்றார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, "மகன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார்.

தம்பி, இதுதான் நீ செய்தது. அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனுஷர் இன்னும் காத்திருக்கிறார். நான் இப்போதும் அங்கேதான் சாப்பிடுகிறேன், விடுவேன் என்று நினைக்காதே, ஆனால் அது பழைய சாப்பாடு இல்லை. முன்பெல்லாம் நான் அந்த மேஜையில் யாரோ ஒருத்தி, யாரும் என்னைக் கவனிக்க மாட்டார்கள், அந்தச் சுகம் உனக்குத் தெரியாது, நீ ஆண்பிள்ளை, உனக்கு அது கேட்காமலே கிடைத்தது. இப்போது நான் கை கழுவப் போனால் பத்து கண் கூடவே வருகிறது. மண்டிக் கணக்கப்பிள்ளை ஒருத்தர் என்னிடம் மட்டும் செவிடரிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பேசுகிறார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்குள் எனக்குத் தாகமே போய்விடுகிறது. ஒருநாள் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தேன், உலகத்தில் யார்தான் குடையை மறக்கவில்லை, நான் திரும்பிப் போய் எடுத்தபோது இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இனிமேல் எனக்கு மறதி என்பதே கிடையாது, நான் எதை மறந்தாலும் அது நீ சொன்னதற்குச் சாட்சி. சட்டையில் எண்ணெய் பட்டால் துவைக்கலாம், இதை நான் எதில் துவைப்பேன்.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்து நீ விமானம் ஏறி வந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, அந்த வாசலில் நீ பெட்டியோடு நின்ற நிலையை நான் பார்த்தேன், பெற்றவள் நான் பார்க்காமல் யார் பார்ப்பது. அதிலிருந்து உனக்குப் போன் மணி அடித்தாலே பயம். அந்தப் பயத்துக்கு நான் ஆறுதல் சொல்வேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் உன் பயத்தைத் தணித்துக்கொள்ள என்னைப் பைத்தியம் ஆக்குவாயா. என்னைக் கேட்டிருக்கலாம். டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். உனக்கு நான் பொய் சொல்கிறேன் என்று சந்தேகம் வந்திருந்தால் அதையும் என் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டுச் சரிம்மா என்று எனக்குச் சொல்லிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் கடை கடையாகக் கூப்பிட்டு, என் அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது. மருமகளிடம் கேட்டுவிட்டுச் செய்தாயா, கேட்காமல் செய்தாயா. அவளுக்குத் தெரியாமல் செய்திருந்தால் அவள் இப்போது உன்னைப் பார்க்கிற பார்வையை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பாதே, கைகூப்புகிற பொம்மைப்படமும் வேண்டாம். முதலாளிக்குப் போன் செய்து அம்மா சாப்பிடலாம் என்று அனுமதியும் கொடுக்காதே, நீ அனுமதி கொடுத்து நான் சாப்பிட்டால் அந்தச் சோறு எனக்கு இறங்காது. எனக்கு வேண்டியது வேறு. உனக்கு லீவு கிடைத்ததும் கிளம்பி வா. வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்துவிட்டு என்னோடு காகித மண்டித் தெருவுக்கு வா, மத்தியானம், கூட்டம் இருக்கிற நேரத்துக்கு. முதலில் நெட்டையிடம் போய் உன் பெயரைச் சொல், அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். அப்புறம் ஜன்னல் மேஜையில் எனக்கு எதிரில் உட்கார். அந்த முதலாளி, கணக்கப்பிள்ளை, உச்சுக்கொட்டிய பெண், எல்லோரும் இருப்பார்கள், தினமும் வருகிறவர்கள்தான். அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நீ வாய் திறந்து என்னைக் கேட்க வேண்டும், இங்க எது நல்லா இருக்கும்மா, எனக்கு என்ன சொல்லலாம் என்று. நான் சொல்வேன். நான் சொன்னதை நீ சாப்பிட வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டும். வேறு எதிலும் அந்தக் கறை போகாது.

வருகிற தேதியை ட்ரங்க்காலுக்குச் சொல், எனக்குச் சொன்னால் மறந்துவிடுவேன் என்று நினைப்பவன் அல்லவா நீ. பேத்திக்குப் பால்பல் ஆடுகிறது என்று மருமகள் சொன்னாளே, நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கச் சொல், நூல் கட்டி இழுக்காதீர்கள். மருமகளின் இடுப்பு வலிக்கு அவளை நாற்காலியை மாற்றச் சொல், தைலத்தை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாதே, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் உனக்கே தெரியாது. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், கையில் வேலையும் வாயில் சிரிப்புமாக நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன், வேறு எதையும் வேண்டிக்கொள்ள எனக்கு வரவில்லை. வரும்போது விமானத்தில் கொடுப்பதையெல்லாம் தின்றுவிட்டு வயிறு உப்பி வந்து நிற்காதே. பசியோடு வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்